குளிர் விட்ட குப்பி

"வச்சது நீதான். வச்சுட்டு மறந்து..."

"நான் வைக்கலைன்னு எத்தனை தடவை..."

"...மறந்துட்டு, தினம் காலையில வந்து என் உயிரை வாங்கற!"

"உங்க உயிரை வாங்கி நான் என்ன அத்தான் செய்யப் போறேன்? சட்டைக்குள்ள அது இருக்கான்னே தெரியலை. கொடியில காயப் போட்ட மாதிரி தொங்குது சட்டை."

"பேச்சை மாத்தாதே."

"மாத்தலை. நான் வைக்கலை. அவ்வளவுதான்."

கண்ணாடிச் சாடிக்கு இந்தப் பக்கம் சின்னவள், அந்தப் பக்கம் அத்தான். சாடிக்குள், ஈரம் உறிஞ்சும் நீல மணிகளுக்கு மேலே இருக்கும் சல்லடைத் தட்டில், சுண்டுவிரல் உயரம்கூட இல்லாத ஒரு குப்பி. இரண்டு பேர் தன்னால் அடித்துக்கொள்வது தெரியாத பிள்ளை மாதிரி நின்றது.

அந்த ஆய்வுக்கூடத்தில் நடக்கிற வேலை சொல்லச் சுலபம். அமினோ அமிலங்களை மணி கோப்பது போலக் கோத்தால் பெப்டைடு. கோப்பது வேறொரு இடம். கோத்தது சரிதானா, சுத்தமாக இருக்கிறதா என்று பார்த்து, சிறு குப்பிகளில் பிரித்து அடைத்து, ஆராய்ச்சிக்காரர்களுக்கு அனுப்புவது இந்த இடம். அனுப்பியது போக ஒவ்வொன்றிலும் ஒரு குப்பியை ஃப்ரீசரில் வைத்துக்கொள்வார்கள். அதற்குக் காப்புக் குப்பி என்று பெயர். நாளைக்கு யாராவது புகார் சொன்னால் திறந்து பார்ப்பதற்காக. மற்றபடி அதைத் தொடக் கூடாது.

தொடக் கூடாத அந்தக் குப்பிதான் சில நாளாகக் காலையில் சாடிக்குள் வந்து நிற்கிறது.

சாடிக்குள் ஏன் வர வேண்டும்? அது அந்த வேலையின் முதல் பாடம். ஃப்ரீசரிலிருந்து எடுத்த குப்பியைச் சில்லென்று இருக்கும்போதே திறந்தால், காற்றில் உள்ள ஈரமெல்லாம் பொடியின் மேல் இறங்கிவிடும். பொடி கெட்டது. அதனால் மூடியபடியே சாடிக்குள் வைத்து, குளிர் விடும்வரை காத்திருக்க வேண்டும். திறக்கப் போகிற குப்பியை மட்டுமே சாடியில் வைப்பார்கள்.

"யாரோ இதைத் திறக்கச் சொல்றாங்க அத்தான்," என்றாள் சின்னவள்.

"யாரும் புகார் சொல்லலையே!"

"சொல்றாங்களே. தினம் எடுத்து வச்சுச் சொல்றாங்களே."

"யாரு?"

சின்னவள் குப்பியின் கழுத்தைப் பார்த்தாள். அத்தானும் பார்த்தார், பார்த்தவுடனே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

குப்பியின் கழுத்தில் மெல்லிய காகிதத் துண்டு ஒன்று பட்டையாக மடித்துச் சுற்றப்பட்டிருந்தது. குளிர் விடும்போது குப்பியின் மேல் வேர்த்து, நீர் வழிந்து லேபிளை ஊற வைத்து உரித்துவிடும். அதற்காகச் சின்னவளின் அக்கா, அத்தானின் மனைவி, கண்டுபிடித்த வித்தை அது. சளி பிடித்த குழந்தைக்குக் கழுத்தில் துணி சுற்றுவது போல ஒவ்வொரு குப்பிக்கும் சுற்றுவாள். "இரு இரு, அவசரப்படாதே, குளிர் விடட்டும்," என்று அதனோடு பேசவும் செய்வாள். உலகத்தில் வேறு எந்த ஆய்வுக்கூடத்திலும் இந்தக் கூத்து கிடையாது. போன மழைக்காலத்தில் நெஞ்சு வலி என்று காரில் ஏறிப் போன அக்கா திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு அந்தக் கூடத்தில் யாரும் குப்பிக்குக் கழுத்துத் துணி சுற்றுவதில்லை. நேரம் போகிறது என்று அத்தானே நிறுத்திவிட்டார்.

"இப்படி உறைஞ்சு உருகி, உறைஞ்சு உருகி இருந்தா உள்ள இருக்கறது உடைஞ்சு போயிடும். அப்புறம் திறந்தும் பிரயோஜனம் இல்லை. இன்னைக்கே பார்த்துடலாமே," என்றாள்.

"வேண்டாம்."

"ஏன் வேண்டாம்?"

"நல்லா இருக்குன்னு நீதானே கையெழுத்துப் போட்டே? உன் கையெழுத்து மேல உனக்கே நம்பிக்கை இல்லையா?"

சுருக்கென்றது அவளுக்கு. அத்தான் சாடியின் மூடியைப் பக்கவாட்டில் தள்ளினார். அது எப்போதும் போல் கிறீச்சென்று முனகிக்கொண்டு நகர்ந்தது. குப்பியை எடுத்துக்கொண்டு ஃப்ரீசருக்குப் போனார். உள்ளே வைத்தார். பூட்டினார். சாவியைச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானையும் மாட்டினார்.

"இனிமே வரட்டும், பார்க்கறேன்."

"சரி. அது கிடக்கட்டும். நேத்து நான் குடுத்தனுப்பின சாப்பாடு அப்படியே திரும்பி வந்திருக்கு. அப்பாவும் பொண்ணுமா சேர்ந்து பட்டினி கிடக்கறீங்களா?"

"பசிக்கலை."

"ரெண்டு பேருக்குமா?"

"பாப்பா ஓட்டப் பந்தயத்துக்குத் தயார் பண்றா. உடம்பைக் குறைக்கறா."

"முழங்கால் வலின்னு படியே ஏறாம இருந்தாளே?"

"இப்போ தேவலையாம்," என்று சொல்லிவிட்டு அத்தான் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

பாப்பா என்றால் கைக்குழந்தை இல்லை, கல்லூரிக்குப் போகிற பெண். சாப்பாட்டு டப்பாவின் மூடியில் அவளுடைய ஊதா நகப்பூச்சு ஈரத்தோடு ஒட்டியிருந்ததைச் சின்னவள் காலையில்தான் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தாள். போகவில்லை. பூச்சு காய்கிற வரைக்கும் பொறுக்க மாட்டாள் அந்தப் பெண். அவள் தொட்ட இடத்திலெல்லாம் ஊதா. டப்பாவைத் திறந்து பார்த்திருக்கிறாள், மூடிவிட்டிருக்கிறாள். அக்கா போன பிறகு சின்னவளுக்கு என்று மிச்சம் இருப்பது இந்த இரண்டு பேர். அந்த இரண்டு பேரும் சாப்பிடாமல் இருந்தால் அவளுக்கு எப்படி இறங்கும்?

மறுநாள் காலை இருவரும் ஒன்றாகவே ஆய்வுக்கூட வாசலில் இறங்கினார்கள். அத்தான்தான் கதவைத் திறந்தார். விளக்கைப் போட்டார். குளிரூட்டி உறுமிக்கொண்டு எழுந்தது.

சாடிக்குள் குப்பி நின்றது. கழுத்தில் காகிதம்.

"சாவி?" என்றாள் சின்னவள்.

அத்தான் பையைத் தொட்டார். பொத்தானைக் கழற்றினார். சாவி இருந்தது.

"ஃப்ரீசர் கதவு திறந்திருந்தா உள்ளே சூடு ஏறியிருக்குமே, பாருங்க."

பார்த்தார். ஃப்ரீசர் திரையில் ராத்திரி முழுக்க ஒரே நேர்க்கோடு. கதவு அசையவே இல்லை.

சின்னவள் சாடியைத் திறந்து குப்பியை எடுத்தாள். எடுத்தவள் மறு கைக்கு மாற்றிப் பார்த்தாள். அந்த அறை எப்போதும் குளிர்ந்தே இருக்கும். அங்கே குளிர் விட்ட குப்பி என்றால் அறையின் குளிரில்தான் இருக்கும். இது வெதுவெதுவென்று இருந்தது. யாரோ இவ்வளவு நேரம் உள்ளங்கைக்குள் பொத்தி வைத்திருந்து, இப்போதுதான் இறக்கி வைத்தது போல.

"தொட்டுப் பாருங்க."

"வேண்டாம்."

"சரி, தொடாமப் பாருங்க. இந்தக் காகித முனை எந்தப் பக்கம் செருகியிருக்கு?"

"எந்தப் பக்கமா இருந்தா என்ன?"

"இடது பக்கம். நான் நேத்து வீட்டுல ஒரு மருந்து பாட்டிலுக்குச் சுத்திச் சுத்திப் பார்த்தேன். எனக்கு வலது பக்கந்தான் வருது. உங்களுக்கும் அப்படித்தான் வரும். நம்ம யாருக்கும் இடக்கை கிடையாது அத்தான்."

அத்தான் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். அக்கா இடக்கைக்காரி என்று இருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியும் இருக்கவில்லை.

"இன்னைக்குத் திறக்கறேன்," என்றாள் சின்னவள். "நீங்க வேண்டாம்னாலும் திறப்பேன். சொல்லிட்டேன்."

அவர் கையிலிருந்த சாவியை மேஜை மேல் வைத்தார்.

இந்தப் பொடிகளுக்கு ஒரு துள்ளல் உண்டு. உலர்ந்து உலர்ந்து மின்சாரம் ஏறிப் போய், கரண்டியைக் கிட்டே கொண்டுபோனால் எகிறிக் குதித்துக் குப்பியின் சுவரெல்லாம் அப்பிக்கொள்ளும். எடை போடுகிறவர்கள் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். அன்றைக்குப் பொடி துள்ளவில்லை. கரண்டி போனது, பொடி வந்தது. சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளையாய் வந்து தட்டில் உட்கார்ந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டது அவளில்லை, அதுதான் என்று அவளுக்குப் பட்டது. துளி அமிலம் சேர்த்த தண்ணீரை விட்டு, குலுக்காமல், இப்படியும் அப்படியும் சாய்த்துக் கரைத்தாள். முதலில் சுத்தம் பார்க்கிற மெஷினில் ஏற்றினாள்.

திரையில் கோடு ஊர்ந்து ஊர்ந்து வந்து, ஒரே இடத்தில் ஊசி போல நிமிர்ந்து, மறுபடி படுத்துக்கொண்டது. ஒரே முகடு என்றால் வேறெதுவும் கலக்கவில்லை.

"ஒத்தைப் பீக்!" அத்தான் குரலில் உயிர் வந்தது. "பார்த்தியா? தூசி தும்பு இல்லாம நிக்குது. இதுக்கா இந்தப் பாடு?"

"சரக்கு வந்த அன்னைக்கும் இப்படித்தான் நின்னுச்சு. அன்னைக்கு இதோட விட்டுட்டோம். தராசு ரிப்பேர்ல இருந்துச்சுல்ல?"

தராசு என்று அவர்கள் சொன்னது கடைத்தராசை இல்லை. மூலக்கூறு ஒன்றின் எடையைச் சொல்கிற பெரிய மெஷின் அது. அதை ஓட்டுகிறவருக்கும் தராசுக்காரர் என்றே பெயர் நிலைத்துவிட்டது. மனுஷன் ஒல்லி, தன் எடையைக் கேட்டால் மட்டும் சொல்ல மாட்டார்.

"சார், இதுக்கு எடை பார்க்கணும்," என்று அவர் முன்னால் கொண்டுபோய் வைத்தாள்.

"சுத்தமாத்தான் இருக்காமே? உங்க அத்தான் சத்தம் இங்க வரைக்கும் கேட்டுச்சு."

"சுத்தமா இருந்தா போதாதா சார்?"

"ஒரு நாள் நீங்க வீட்டுக்குப் போறீங்க. கூடத்துல ஒருத்தர் குளிச்சு முழுகி, சலவைச் சட்டை போட்டு, சுத்தமா உக்கார்ந்திருக்கார். சுத்தம்தான். ஆனா அவர் உங்க வீட்டு ஆளு இல்லை. என்ன செய்வீங்க? சுத்தமா இருக்காரேன்னு சோறு போடுவீங்களா?"

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். சிரித்துக்கொண்டே ஊசியை இறக்கினார். திரையைப் பார்த்தவர் சிரிப்பை நிறுத்தினார். கழுத்தை நீட்டி மறுபடி பார்த்தார்.

"குப்பி மேல என்ன எழுதியிருக்கு?"

"நெட்டை."

ஆய்வுக்கூடத்தில் ஒவ்வொரு சரக்குக்கும் செல்லப் பெயர் உண்டு. அந்த மாதம் வந்தவற்றில் நீளச் சங்கிலி நெட்டை, குறுஞ்சங்கிலி குட்டை. இரண்டும் புதுசு, ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய மாதிரி எதுவும் கிடையாது. நெட்டை, எலிகளின் காயம்பட்ட தசையை ஆற்றுகிறதா என்று பார்க்கிறவர்களுக்கு. குட்டை, எலிகளைப் பசி மறக்க வைக்கிறதா என்று பார்க்கிறவர்களுக்கு.

"இது நெட்டை இல்லைம்மா," என்றார் தராசுக்காரர். "எடை பாதிகூட வரலை. இது குட்டை."

அத்தானின் அறைக் கதவு திறந்தே இருந்தது. சின்னவள் போய் நின்றாள். அவர் தலை நிமிரவில்லை.

"காதுல விழுந்துச்சா அத்தான்?"

"விழுந்துச்சு."

"ரெண்டு சரக்கும் வந்த அன்னைக்கு, பிரிச்சு அடைக்கறதுக்கு முன்னால, ஒரே சாடியிலதான் குளிர் விட வச்சோம். நான் வெளியே போயிருந்தேன். நீங்க இருந்தீங்க. என்ன நடந்துச்சு?"

"ஒண்ணும் நடக்கலை." பேனாவை மூடி வைத்துவிட்டு, "லேபிள் ரெண்டும் ஊறிக் கீழே விழுந்து கிடந்துச்சு. எது எதுக்குப் பக்கத்துல கிடந்துச்சோ அதை அதுல ஒட்டினேன். எனக்குச் சந்தேகமே வரலை. அதனாலதான் சொல்லலை," என்றார்.

"கழுத்துக்கு ஒரு காகிதம் சுத்தியிருந்தா..."

"சொல்லாதே."

அவள் அவரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். சட்டைக் காலருக்குள் கழுத்து எலும்பு கூடாரக் கம்பு மாதிரி துருத்திக்கொண்டிருந்தது. பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டிருந்தது. பசிக்கலை என்று அவர் நேற்றுச் சொன்னது இப்போது வேறு மாதிரி கேட்டது.

"அத்தான், அந்தத் தோள் வலி என்னாச்சு?"

அவர் கை தானாகத் தோளுக்குப் போயிற்று.

"நெட்டையை ஊசியாப் போட்டுக்கிட்டீங்களா?"

"எலிக்குத் தசை ஆறுதுன்னு எழுதியிருந்தாங்க. மிச்சம் கொஞ்சம் இருந்துச்சு. சுத்தமான சரக்குன்னு நீயும் கையெழுத்துப் போட்டிருந்தே."

"ஆராய்ச்சிக்கு மட்டும், மனுஷங்களுக்கு இல்லைன்னு அந்தக் குப்பியிலேயே போட்டிருக்கே! அந்த வரியை அடிச்சு ஒட்டறதே நீங்கதானே அத்தான்! அக்கா இருந்திருந்தா..."

"அவ இருந்திருந்தா நான் ஏன் ராத்திரியெல்லாம் தோளைப் பிடிச்சுக்கிட்டு முழிச்சுக்கிட்டு உக்கார்ந்திருக்கப் போறேன்?"

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"வீட்டுல எவ்வளவு இருக்கு? எல்லாத்தையும் கொண்டு வந்து என் கையில குடுங்க. இப்பவே. நாளைக்குக் காலையில டாக்டர்கிட்ட நானே கூட்டிக்கிட்டுப் போறேன். என்ன போட்டுக்கிட்டீங்கன்னு மறைக்காமச் சொல்லணும். சரக்கு வாங்கினவங்களுக்கு நான் இப்பவே சொல்லிடறேன், யாரும் தொட வேண்டாம்னு."

"சரி."

"வேற யாருக்காவது குடுத்தீங்களா?"

"எனக்கு மட்டுந்தான்."

கேள்வி முடியும் முன்னாலேயே வந்துவிட்டது அந்தப் பதில். சொல்லிவிட்டு மேஜையில் ஒட்டியிருந்த பழைய லேபிள் ஒன்றை நகத்தால் சுரண்ட ஆரம்பித்தார். சின்னவளுக்கு அப்போது அது உறைக்கவில்லை. பாவம், வெட்கப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலத்துக்குள் அவர் வீட்டிலிருந்து கொண்டுவந்த குப்பிகளையும், காப்புக் குப்பியில் மிச்சம் இருந்ததையும் எரிப்பதற்கான சிவப்பு டப்பாவில் போட்டு மூடினாள். டப்பாவை எடுத்துப் போகிறவர்கள் வந்து எடுத்துப் போய்விட்டார்கள். ஃப்ரீசரில் நெட்டை என்று பேர் எழுதிய குப்பி ஒன்றுகூட இல்லை. சாடியைத் துடைத்து, நீல மணிகளைப் புதிதாக மாற்றி, மூடியின் விளிம்பில் பசை தடவிச் சாத்தினாள். சாத்தும்போது, யாரும் பக்கத்தில் இல்லை என்று பார்த்துக்கொண்டு, "போதுமாக்கா?" என்று கேட்டாள். மூடி கிறீச்சிடாமல் வழுக்கிப் போய்ப் பொருந்தியது. அதை அவள் பதிலாக எடுத்துக்கொண்டாள்.

காலையில் டாக்டரிடம் போகும் வழியில் சின்னவள் ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்தாள். தராசுக்காரரின் முடிவுத் தாளை டாக்டரிடம் காட்ட வேண்டும். அத்தான் பின்னால் வந்து வாசற்படியில் நின்றுகொண்டார். ராத்திரி நன்றாகத் தூங்கினேன் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். கேட்காமலே சொன்னார்.

"ஒரு நிமிஷம், எடுத்துக்கிட்டு வந்துடறேன்," என்று விளக்கைப் போட்டாள்.

சாடிக்குள் குப்பி நின்றது.

கழுத்தில் காகிதம். முனை இடது பக்கம்.

"அத்தான்," என்றாள். அவள் குரல் அவளுக்கே தூரத்தில் கேட்டது. "நேத்து எல்லாத்தையும் குடுத்துட்டீங்கதானே?"

"குடுத்துட்டேனே. ஏன்?"

அவள் மூடியைத் தள்ளி எடுத்தாள். இன்றைக்கும் அந்த உள்ளங்கைச் சூடு. நெட்டை என்று அத்தான் அடித்து ஒட்டிய லேபிள்தான். ஆனால் இது காப்புக் குப்பி இல்லை. காப்புக் குப்பியின் ரப்பர் மூடியில் ஊசி பட்டிருக்காது. இதில் குத்துக் குத்தாக எத்தனையோ தடம். உள்ளே பொடியைக் கரைத்த தண்ணீர் அடியில் கொஞ்சம்தான் மிச்சம். யாரோ தினம் எடுத்து, போட்டுக்கொண்டு, பத்திரமாக மூடி வைத்த குப்பி.

காகிதத்தை மெல்லப் பிரித்தாள். நனைந்திருந்தது காகிதம். வேர்த்த ஈரம் என்றால் வெளிப்பக்கம் காய்ந்திருக்க வேண்டும். இது கண்ணைத் துடைத்த துணி மாதிரி நடுவில் மட்டும் நனைந்திருந்தது. காகிதம் மறைத்திருந்த இடத்தில், குப்பியின் கழுத்தைச் சுற்றி, பூச்சு காய்கிற வரைக்கும் பொறுக்காத விரல் ஒன்று பிடித்த தடம். ஊதா.

அத்தான் வாசற்படியிலிருந்து நகரவில்லை. ஊதாவை அங்கிருந்தே பார்த்துவிட்டார் என்பது அவர் நின்ற நிலையில் தெரிந்தது.

சின்னவள் குப்பியை உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"பாப்பா முழங்காலுக்கு என்ன அத்தான் குடுத்தீங்க?"